உண்டென்போரும் இல்லென்போரும்

கடவுள் உண்டா, இல்லையா என்னும் கேள்வி மிகப் பழையது. உண்டு என்று நிறுவ முயன்றவர்களும் இல்லை என்று நிறுவ முயன்றவர்களும் பல மொழிகளில் எழுதிக் குவித்த நூல்கள் ஏராளம். அந்தக் கேள்வியை ஒட்டியே எழும் மற்றொரு கேள்வி மட்டும் அவ்வளவாக ஆராயப்படுவதில்லை. தாம் ஐயமற உண்மை என்று கொண்ட ஒன்றை, தம்மைப் போலவே அறிவும் நேர்மையும் உடைய மற்றொருவர் அடியோடு மறுக்கும்போது, அந்த மறுப்பை ஒருவர் எவ்வாறு விளங்கிக்கொள்கிறார் என்பதே அது. இறைநம்பிக்கையாளருக்கும் நாத்திகருக்கும் இடையிலான உறவு நட்பாக அமைவதும் பகையாக முற்றுவதும் பெரும்பாலும் இந்த இரண்டாம் கேள்விக்கு அவர்கள் தரும் விடையைப் பொறுத்தவை.

அந்த விடைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். எதிர்த்தரப்பினரின் கொள்கையை அறியாமை, அச்சம், செருக்கு போன்ற ஏதோ ஒரு குறையின் விளைவாகக் காண்பது முதல் வகை. அவர் தம்மை அறியாமலே நம் பக்கத்தைச் சேர்ந்தவர்தாம் என்று உரிமை கொண்டாடுவது இரண்டாம் வகை. அவர் சொல்வதை அவர் கருதும் பொருளிலேயே ஏற்று, அதற்கு அவர் தரும் நியாயங்களைக் கேட்டு, மறுக்க வேண்டியதை மறுத்து, இணையக்கூடிய செயலில் இணைவது மூன்றாம் வகை. மூன்றாவது அரிதாகவே வாய்க்கிறது. ஆயினும் அதற்காக எவரும் தம் கொள்கையைத் தளர்த்திக்கொள்ள வேண்டியதில்லை என்பதை இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும் நிகழ்ந்த சில உறவுகள் தெளிவாகவே காட்டுகின்றன.

இங்கே நாத்திகம் என்பது கடவுளின் இருப்பை மறுக்கும் கொள்கை என்ற இன்றைய பொருளில் ஆளப்படுகிறது. பண்டைய இந்தியத் தத்துவ மரபில் அச்சொல் வேதத்தின் அதிகாரத்தை ஏற்காதவர்களைக் குறித்ததால், சமணரும் பௌத்தரும் நாத்திகர் பட்டியலில் இடம்பெற்றனர். உலகைப் படைத்த கடவுள் ஒருவர் வேண்டும் என்று கருதாத மீமாம்சகர்களோ, வேதத்தை ஏற்றதனால் ஆத்திகராகவே எண்ணப்பட்டனர். கடவுள் உண்டென்றோ இல்லையென்றோ அறிவதற்குப் போதிய சான்று இல்லை என்று கூறுவது ஐயவாதம் எனப்படும். அதற்கான ஆங்கிலப் பெயரை 1869இல் உருவாக்கியவர் உயிரியல் அறிஞர் தாமஸ் ஹக்ஸ்லி.

குறை காணும் பார்வை

மறுப்பவரிடம் ஏதோ ஒரு குறை இருந்தாக வேண்டும் என்ற எண்ணம் பெரும் சமயங்களின் மூலநூல்களிலேயே வேர் கொண்டிருக்கிறது. பகவத்கீதையின் 16ஆம் அத்தியாயம், உலகுக்கு ஆதாரமும் இல்லை, ஆள்பவனும் இல்லை என்று சொல்பவர்களை அசுர இயல்பினர் வரிசையில் வைக்கிறது. புதிய ஏற்பாட்டில் உரோமையருக்குப் பவுல் எழுதிய மடல், படைப்பைக் கண்டே கடவுளை அறியலாம் என்பதால் அறிய மறுப்பவர்களுக்குச் சாக்கு இல்லை என்ற கருத்தைத் தொடக்கத்திலேயே முன்வைக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தத் திருச்சபைத் தலைவர்களுள் ஒருவரான ஜான் கால்வின், இறையுணர்வு ஒவ்வொரு மனித உள்ளத்திலும் பிறவியிலேயே பதிந்துள்ளது என்றார். இவ்வாறு கொண்டபின், நாத்திகம் என்பது சிந்தித்து எட்டிய முடிவாக இருக்க இடமில்லை. அது அகந்தையாகவோ, ஒழுக்கக் கட்டுப்பாட்டிலிருந்து தப்பும் உபாயமாகவோதான் இருக்க முடியும்.

நாத்திகரும் இதே முறையைத் தலைகீழாகக் கையாண்டிருக்கின்றனர். ஜெர்மானியத் தத்துவ அறிஞர் லுட்விக் ஃபாயர்பாக் 1841இல் வெளியிட்ட கிறித்தவத்தின் சாரம் பற்றிய நூலில், மனிதன் தன் சிறந்த இயல்புகளையே தனக்கு வெளியே நிறுத்திக் கடவுள் என்று வணங்குகிறான் என்று வாதிட்டார். கார்ல் மார்க்ஸ் சமயத்தைச் சமூகத் துயரத்தின் வெளிப்பாடாகவும் அத்துயரை மரத்துப்போகச் செய்யும் மருந்தாகவும் விளக்கினார். உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த சிக்மண்ட் ஃபிராய்ட் 1927இல், இயற்கையின் முன் நிராதரவாக நிற்கும் மனிதன் தந்தையின் பாதுகாப்புக்காகக் கொள்ளும் ஏக்கமே இறைநம்பிக்கையின் ஊற்று என்றார். இவ்விளக்கங்கள் ஒவ்வொன்றிலும் நம்பிக்கையாளர் தம் நம்பிக்கைக்குக் கூறும் நியாயம் பின்னுக்குத் தள்ளப்பட்டு, அவரே அறியாத ஏதோ ஒரு காரணம் முன்னுக்கு வருகிறது.

ஒரு கருத்து எவ்வாறு தோன்றியது என்பதும் அது உண்மையா என்பதும் வெவ்வேறு கேள்விகள். அச்சத்தினால் பிறந்த எண்ணம் உண்மையாக இருந்துவிடலாம். அமைதியான ஆராய்ச்சியில் பிறந்த எண்ணம் பிழையாகவும் போகலாம். ஃபிராய்டே இதை உணர்ந்திருந்ததால், விருப்பத்திலிருந்து பிறக்கும் எண்ணம் அந்தக் காரணத்தாலேயே பொய்யாகிவிடாது என்று தம் நூலிலேயே எச்சரித்தார். அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1902இல் வெளியிட்ட சமய அனுபவம் பற்றிய நூலின் முதல் பகுதியில், பக்தரின் பரவசத்தை உடற்கூற்றின் விளைவு என்று ஒதுக்குபவர்கள், நாத்திகரின் உறுதியையும் அதே உடற்கூறுதான் உண்டாக்குகிறது என்பதை ஏற்க வேண்டியிருக்கும் என்று சுட்டினார். எதிரியின் கொள்கைக்கு மட்டும் காரணம் தேடி, தம் கொள்கைக்கு நியாயம் மட்டும் சொல்லும் இரட்டை அளவுகோல் இரு தரப்பிலும் உண்டு.

இந்த அளவுகோல் அறிஞர் உலகத்தோடு நின்றுவிடவில்லை. பியூ ஆய்வு மையம் 34 நாடுகளில் நடத்தி 2020இல் வெளியிட்ட கருத்துக்கணிப்பில், நல்லொழுக்கத்துக்குக் கடவுள் நம்பிக்கை இன்றியமையாதது என்று கருதியோரின் நாடளவிலான விகிதத்தின் நடுமதிப்பு 45 விழுக்காடாக இருந்தது. 2017இல் வெளியான மற்றோர் உளவியல் ஆய்வு, 13 நாடுகளைச் சேர்ந்த 3,000க்கும் மேற்பட்டோரிடம் கொடுங்குற்றம் புரியும் ஒருவரைப் பற்றிய கற்பனை விவரத்தைத் தந்து அவர்களின் உள்ளுணர்வைச் சோதித்தது. அக்குற்றவாளி நாத்திகராக இருப்பார் என்று எண்ணும் போக்கு, நம்பிக்கையாளராக இருப்பார் என்று எண்ணும் போக்கைவிட ஏறத்தாழ இருமடங்கு வலுவாக இருந்தது. அந்த ஐயம் நாத்திகர்களிடமும் காணப்பட்டது என்பதுதான் அவ்வாய்வின் வியப்பூட்டும் முடிவு. சமயம் வகுத்த அளவுகோல் சமயத்தை விட்டு வெளியேறியவரின் உள்ளத்திலும் தங்கிவிடக்கூடும் என்று இது எண்ணத் தூண்டுகிறது.

சத்தியம் செய்யும் உரிமை

நாத்திகர் மீதான ஐயம் ஐரோப்பாவில் நெடுங்காலம் சட்டமாகவே இருந்தது. சமயப் பொறை, அதாவது பிற சமயத்தாரைத் துன்புறுத்தாமல் வாழவிடும் கொள்கை, நவீன வடிவம் பெறுவதற்குப் பெரிதும் துணைநின்ற ஜான் லாக், 1689இல் வெளிவந்த தம் கடிதத்தில் அப்பொறையை நாத்திகருக்கு நீட்டிக்க மறுத்தார். வாக்குறுதி, ஒப்பந்தம், சத்தியம் ஆகியவையே சமூகத்தைப் பிணைக்கும் கட்டுகள் என்றும், கடவுளை மறுப்பவரை அக்கட்டுகள் பிணைக்கமாட்டா என்றும் அவர் கருதினார். அவருக்குச் சில ஆண்டுகள் முன்பே, பிரான்சில் பிறந்து ராட்டர்டாமில் தஞ்சம் புகுந்த பியர் பேல் என்னும் புராட்டஸ்டன்ட் அறிஞர், மக்கள் தம் சமயக் கொள்கைப்படி நடப்பதைவிடத் தம் இயல்புப்படியும் பழக்கப்படியும் நடப்பதே மிகுதி என்பதால், நாத்திகர் மட்டுமே கொண்ட சமூகமும் ஒழுங்காக இயங்க முடியும் என்று எழுதியிருந்தார். நாத்திகரின் ஒழுக்கத்துக்கு அக்காலத்தில் வாதாடியவர் ஒரு கிறித்தவர் என்பது கருதத்தக்கது.

லாக்கின் வாதத்தில் ஒளிந்திருந்த முரணை 1859இல் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் வெளிக்கொணர்ந்தார். நீதிமன்றத்தில் சத்தியம் செய்யக் கடவுள் நம்பிக்கை வேண்டும் என்ற விதி யாரைத் தடுக்கிறது என்று அவர் ஆராய்ந்தார். பொய் சொல்லத் தயங்காத நாத்திகர், நம்பிக்கை உண்டு என்று கூறிவிட்டுச் சாட்சிக் கூண்டில் ஏறிவிடுவார். பழிக்கு அஞ்சாமல் உண்மையைச் சொல்லும் நாத்திகர் மட்டுமே வெளியேற்றப்படுவார். பொய்யரை விலக்க வந்த விதி, பொய் சொல்ல மறுப்பவரையே விலக்கியது.

இந்த முரண் முழு அரசியல் நெருக்கடியாக வெடித்தது சார்லஸ் பிராட்லாவின் விவகாரத்தில். இங்கிலாந்தின் தேசிய மதச்சார்பற்றோர் சங்கத்தை 1866இல் நிறுவிய அவர், 1880இல் நார்த்தாம்ப்டன் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வானபோது, கடவுள் பெயரால் சத்தியம் செய்வதற்கு மாற்றாக உறுதிமொழி கூற இசைவு கேட்டார். அது மறுக்கப்பட்டதும், வழக்கமான சத்தியத்தையே செய்ய முன்வந்தார். நாத்திகரின் வாயில் அச்சத்தியத்துக்குப் பொருள் இல்லை என்று கூறி அதையும் அவை மறுத்தது. நாடாளுமன்றக் கடிகாரக் கோபுரத்தில் அவர் ஓர் இரவு காவலில் வைக்கப்பட்டார். மீண்டும் மீண்டும் தேர்தலில் வென்றும் 1886 வரை அவருக்கு நிலையான இருக்கை கிடைக்கவில்லை. ஆழ்ந்த ஆங்கிலிக்கப் பக்தரான பிரதமர் கிளாட்ஸ்டன் 1883இல் அவருடைய உரிமைக்காக வாதாடி முன்வைத்த மசோதா மூன்று வாக்குகளில் தோற்றது. இறுதியில் பிராட்லாவின் முயற்சியாலேயே 1888இல் நிறைவேறிய சட்டம், சத்தியத்துக்கு மாற்றாக உறுதிமொழி கூறும் உரிமையை எல்லாருக்கும் வழங்கியது.

இந்நிகழ்ச்சிகள் சென்னையிலும் எதிரொலித்தன. பிராட்லாவின் இயக்கத்தோடு தொடர்பு கொண்டிருந்த சென்னை இலௌகிக சங்கத்தினர் 1882 முதல் 1888 வரை தமிழில் ‘தத்துவ விவேசினி’ என்னும் இதழை நடத்தி, சாதி, சடங்கு, கடவுள் பற்றிய விவாதங்களைத் தமிழ் வாசகரிடம் கொண்டுவந்தனர். அறுபது ஆண்டுகள் கழித்து இந்திய அரசமைப்பு உருவானபோது, அதன் மூன்றாம் அட்டவணை, பதவியேற்பவர் கடவுள் பெயரால் ஆணையிடவோ உளமார உறுதி கூறவோ இடமளித்தது. 1949 அக்டோபர் 17 அன்று, அரசமைப்பின் முகப்புரையைக் கடவுள் பெயரால் தொடங்க வேண்டும் என்று அரசமைப்பு நிர்ணய சபையில் எச்.வி. காமத் கொண்டுவந்த திருத்தம் வாக்கெடுப்புக்கு விடப்பட்டு, 41க்கு 68 என்ற கணக்கில் தோற்றது. ஒவ்வொருவரின் உள்ளத்தையும் தனித்தனியே சார்ந்த ஒன்றில் கூட்டுக் கருத்தைத் திணிக்கக் கூடாது என்பதே அதை எதிர்த்த உறுப்பினர் இருதயநாத் குன்சுரு முன்வைத்த வாதம்.

உரிமை கொண்டாடும் பார்வை

இலண்டனில் சட்டம் பயின்றுகொண்டிருந்த மோகன்தாஸ் காந்தி 1891இல் பிராட்லாவின் இறுதிச் சடங்கில் கலந்துகொண்டார். திரும்பும் வழியில் ரயில் நிலையத்தில் ஒரு நாத்திகர் பாதிரியார் ஒருவரைக் கேள்விகளால் துளைத்ததைக் கேட்டதாகவும், அந்த உரையாடல் நாத்திகத்தின்மீது தமக்கிருந்த வெறுப்பை இன்னும் வளர்த்ததாகவும் அவர் தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1931 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில், கடவுளே சத்தியம் என்று முன்பு கூறிவந்த தாம் சத்தியமே கடவுள் என்று ஏன் கூறத் தொடங்கினார் என்பதை விளக்கும்போது, காந்தி மீண்டும் பிராட்லாவை நினைவுகூர்ந்தார். கடவுளை மறுத்தவர்களும் சத்தியத்தை மறுக்கவில்லை என்பதால், பிராட்லாவைத் தாம் நாத்திகர் என்று கருதவே முடியாது என்பது அவர் வாதம்.

வெறுப்பிலிருந்து இந்த நிலைக்கு வந்தது பெரும் மாற்றம். ஆயினும் இதில் ஓர் இடர் இருந்தது. தம் வாழ்நாள் முழுவதும் தாம் நாத்திகர் என்று அறைகூவி, அதற்காகச் சிறையும் சென்ற ஒருவரிடம், நீர் உண்மையில் நாத்திகர் அல்லர் என்று சொல்வது அவரைப் போற்றுவதாகத் தோன்றினாலும், அவர் தம்மைப் பற்றிக் கூறியதை ஏற்க மறுப்பதும் ஆகும். கத்தோலிக்க இறையியலாளர் கார்ல் ரானர், கிறித்துவை அறியாமலே அவருடைய அருளுக்குள் வாழ்வோரைப் பெயர் அறியாக் கிறித்தவர் என்று அழைத்தபோதும் இதே எதிர்ப்பு எழுந்தது. நாத்திகர் தரப்பிலும் இவ்வகை உரிமை கொண்டாடல் உண்டு. ஒவ்வொரு பக்தரும் பிற சமயங்களின் கடவுளரை மறுப்பதால் அவரும் ஏறத்தாழ நாத்திகரே என்ற வாதமும், நல்ல பக்தரின் நற்பண்புகள் சமயத்தால் விளைந்தவை அல்ல, அதையும் மீறிய மனிதத்தன்மையால் விளைந்தவை என்ற வாதமும் அத்தகையவை. எதிர்த்தரப்பில் காணும் நன்மையையெல்லாம் தம் கணக்கில் வரவு வைக்கும் இப்பார்வையில் அன்பு இருக்கிறது. ஆனால் எதிர்த்தரப்பு என்ற ஒன்று இல்லாமல் போகிறது.

காந்தி இந்த நிலையையும் கடந்தார் என்பதற்குக் கோரா என்று அழைக்கப்பட்ட கோபராஜு ராமச்சந்திர ராவுடன் அவருக்கு ஏற்பட்ட தொடர்பு சான்று. தாவரவியல் விரிவுரையாளராக இருந்து முழுநேர நாத்திகப் பணிக்கு வந்த கோரா, 1940இல் கிருஷ்ணா மாவட்டத்தின் முதுனூரில் நாத்திக மையத்தைத் தொடங்கினார். அது பின்னர் விஜயவாடாவுக்கு மாறியது. அவர் 1941இல் எழுதிய கடிதத்துக்கு விடையளித்த காந்தி, நாத்திகம் என்பது தன்னையே மறுப்பது என்றும், கோரா பெற்ற வெற்றிக்கு மக்களிடையே அவர் ஆற்றிய நேர்மையான தொண்டே காரணம் என்றும் குறிப்பிட்டார். கோரா மனநிறைவு அடையாமல் 1944இன் இறுதியில் காந்தியின் ஆசிரமம் இருந்த சேவாகிராமத்துக்கே சென்றார். கடவுளும் விதியும் தன் வாழ்வை நடத்துகின்றன என்று நம்பும் மனிதன் தீண்டாமையையும் வறுமையையும் தலையெழுத்து என்று ஏற்றுக்கொள்கிறான் என்றும், நாத்திகம் அவனுக்குத் தன்னம்பிக்கையைத் தருகிறது என்றும் அவர் எடுத்துரைத்தார்.

கோரா எழுதி 1951இல் நவஜீவன் வெளியிட்ட நூலின்படி, தம் ஆத்திகம் சரி என்றோ கோராவின் நாத்திகம் தவறு என்றோ தம்மால் கூற இயலாது, இருவரும் உண்மையைத் தேடுபவர்களே என்ற முடிவுக்குக் காந்தி வந்தார். கோராவின் மூத்த மகளுக்கும் தீண்டப்படாதோர் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த இளைஞருக்கும் சேவாகிராமத்தில் தாமே திருமணம் நடத்திவைக்க அவர் இசைந்தார். மணமக்களின் உறுதிமொழியில் கடவுள் என்ற இடத்தில் சத்தியம் என்று மாற்றிக்கொள்ளவும் உடன்பட்டார். காந்தி கொல்லப்பட்ட பின், 1948 மார்ச்சில் அத்திருமணம் அங்கே நடந்தது. பிராட்லாவிடம் உரிமை கொண்டாடிய காந்தி, கோராவை நாத்திகராகவே ஏற்றார். இடையில் நேர்ந்த மாற்றத்துக்குத் தருக்கத்தைவிட ஒருவர் செயலை மற்றவர் அருகிருந்து கண்டதே காரணம் எனலாம்.

எதிரியின் வாதத்தை எடுத்துரைக்கும் மரபு

தமிழிலக்கியத்தில் கடவுள் மறுப்பாளர் புதியவர் அல்லர். ‘மணிமேகலை’யில் வஞ்சி நகரின் சமயவாதிகளிடம் அவரவர் கொள்கையை மணிமேகலை கேட்டறியும் பகுதியில், ஐம்பூதங்களின் சேர்க்கையால் உணர்வு தோன்றுகிறது, இப்பிறவிக்கு அப்பால் ஏதும் இல்லை என்று கூறும் பூதவாதி ஒருவர் வருகிறார். காட்சியை மட்டுமே சான்றாகக் கொண்டால் தாய் தந்தையரைக்கூட எவ்வாறு அறிவது என்று மணிமேகலை அவரை மடக்குகிறாள். சமணக் காப்பியமான ‘நீலகேசி’யின் இறுதிச் சருக்கமும் பூதவாதத்துக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இம்மரபின் முழு வடிவத்தைச் சைவ சித்தாந்த சாத்திரங்களுள் ஒன்றான ‘சிவஞான சித்தியார்’ காட்டுகிறது. 13ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் இயற்றிய இந்நூல் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகளாக அமைந்தது. பரபக்கம் என்பது பிறர் கொள்கைகளை அவர்கள் நிலையிலிருந்து எடுத்துக் கூறிப் பின்னர் மறுக்கும் பகுதி, சுபக்கம் என்பது தம் கொள்கையை நிறுவும் பகுதி. பரபக்கத்தில் முதலில் வருவதே உலகாயதம், அதாவது கண்ணால் காணும் உலகுக்கு அப்பால் எதையும் ஏற்காத கொள்கை. தம் சித்தாந்தத்துக்கு நேர் எதிரான கொள்கையைக் கற்று உணர்ந்த பிறகே தம் மாணவர் சித்தாந்தத்துக்குள் நுழைய வேண்டும் என்ற ஒழுங்கை இந்நூலமைப்பு வைத்திருக்கிறது.

இம்மரபைக் குறையில்லாதது என்று கொண்டாடிவிட முடியாது. உலகாயதர் தாமே எழுதியவை பெரும்பாலும் அழிந்துவிட்டதால், அவர்களைப் பற்றி இன்று அறியக்கூடியதில் பெரும்பகுதி மறுக்க வந்தவர்களின் கைவழியாகவே கிடைக்கிறது. அவர்கள் இன்ப நுகர்ச்சி ஒன்றையே நோக்கமாகக் கொண்டவர்கள் என்ற சித்திரமும் அவ்வழியே வந்ததுதான். வாதத்தில் வெல்பவர் யார் என்பதும் நூலாசிரியர் முன்பே தீர்மானித்தது. ஆயினும் மறுக்கும் முன் எதிரியின் கூற்றை முழுமையாகச் சொல்ல வேண்டும் என்ற கடப்பாடு, எதிரிக்குக் குறை கற்பிப்பதோடு நின்றுவிடும் பார்வையினும் பலபடி உயர்ந்தது.

பெரியாரும் பக்தர்களும்

20ஆம் நூற்றாண்டில் இந்த வாதம் ஏட்டை விட்டுத் தெருவுக்கு வந்தது. ‘குடி அரசு’ இதழை 1925இல் தொடங்கிய பெரியார் ஈ.வெ. ராமசாமி, கடவுள் மறுப்பைத் தத்துவச் சிக்கலாக மட்டும் கொள்ளாமல் சாதி இழிவோடு பிணைத்தே பேசினார். மனிதரைப் பிறப்பால் தாழ்த்தும் ஏற்பாட்டுக்குக் கடவுளும் சாத்திரமும் அரண்களாக இருப்பதால் அவற்றைத் தகர்க்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் அடித்தளம். இரு தரப்பும் ஒன்றையொன்று எங்கே தவறவிடுகின்றன என்பதை அவருடைய போராட்டங்களுள் ஒன்று தெளிவாகக் காட்டியது. 1953 மே 27 அன்று திருச்சி நகர்மன்றத் திடலில் அவர் களிமண் பிள்ளையார் உருவத்தை உடைத்தார். அவரைப் பொறுத்தவரை அது, உருவத்தில் ஆற்றல் ஏதும் இல்லை என்பதை மெய்ப்பிக்கும் செயல். பக்தரைப் பொறுத்தவரை அது, தாம் அன்பு செலுத்தும் ஒருவருக்கு இழைத்த அவமதிப்பு.

இங்கே இரு தரப்பினரும் வேறு வேறு விஷயங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர் எனலாம். நாத்திகர் சமயத்தை உலகைப் பற்றிய ஒரு கூற்றாகக் கொண்டு அதற்குச் சான்று கேட்கிறார். பெரும்பாலான பக்தர்களுக்கோ அது உறவு, பழக்கம், நன்றியுணர்வு, குடும்ப நினைவு ஆகியவை கலந்த ஒரு வாழ்க்கைமுறை. அதேபோல், பக்தர் நாத்திகத்தை ஓர் இன்மையாக, ஏதோ ஒன்று இல்லாமற்போன வெறுமையாகக் காண்கிறார். நாத்திகருக்கோ அது சான்றுக்குக் கட்டுப்படும் நேர்மையும் மனித மாண்பில் பற்றும் கொண்ட நேர்முகமான உறுதிப்பாடு. பிள்ளையார் உடைப்பு தொடர்பான வழக்கில், அந்த உருவம் கோயிலில் நிறுவப்பட்டது அன்று என்பதால் புனிதப் பொருள் ஆகாது என்று கீழ் நீதிமன்றங்கள் கருதின. 1958இல் உச்ச நீதிமன்றம் அக்கருத்தை ஏற்கவில்லை. எவ்வளவு எளிய பொருளாயினும் ஒரு பிரிவினர் அதைப் புனிதமாகக் கருதினால், அந்த நம்பிக்கை அறிவுக்குப் பொருந்துமா என்று நீதிமன்றம் எடைபோடக் கூடாது என்றது. எனினும் நிகழ்ச்சி நடந்து காலம் கடந்துவிட்டதால் மேல்நடவடிக்கைக்கு ஆணையிடவில்லை.

இந்த மோதலின் காலத்திலேயே ஒரு நட்பும் முளைத்தது. 1952இல் குன்றக்குடி திருவண்ணாமலை ஆதீனத்தின் 45ஆம் பட்டமாகப் பொறுப்பேற்ற குன்றக்குடி அடிகளார், அதே ஆண்டில் அருள்நெறித் திருக்கூட்டத்தைத் தொடங்கி, நாத்திகப் பரப்புரைக்கு எதிராக ஊர் ஊராகப் பேசினார். பின்னர் இருவரும் சந்தித்துப் பழகியபோது, பெரியாரின் தாக்குதலில் ஒரு பகுதி சமயத்தின்மீது அல்லாமல் சமயத்தின் பெயரால் நிலைத்த சாதி வேற்றுமையின்மீது விழுகிறது என்பதை அடிகளார் ஏற்றார். பெரியாரும் துறவியாகிய அவருக்கு மேடையில் உரிய மரியாதையைத் தரத் தவறவில்லை. அடிகளார் நாத்திகர் ஆகவில்லை. பெரியார் கடவுள் மறுப்பை ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்கவில்லை. ஏறத்தாழ அதே காலத்தில், 1965 டிசம்பரில், கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏடு, நாத்திகம் தோன்றியதில் நம்பிக்கையாளரின் குறைகளுக்கும் பங்குண்டு என்று ஒப்புக்கொண்டு, நாத்திகத்தை ஏற்காமலே நாத்திகரோடு சேர்ந்து உலக நலனுக்கு உழைக்க அழைத்தது. தன் தரப்பின் குற்றத்தை எதிரியின் வாயிலிருந்து கேட்டுத் திருத்திக்கொள்ளும் இந்த மனநிலை குன்றக்குடியிலும் ரோமிலும் தனித்தனியே தோன்றியது.

நட்பைவிட ஆழமான பொருத்தம் அர்ச்சகர் உரிமைப் போராட்டத்தில் வெளிப்பட்டது. எல்லாச் சாதியினரும் கோயில் அர்ச்சகராக வேண்டும் என்று பெரியார் தம் இறுதி ஆண்டுகளில் வற்புறுத்தியபோது, கடவுள் இல்லை என்பவருக்குக் கருவறையில் என்ன வேலை என்ற கேள்வி எழுந்தது. கருவறைக்குள் பிறப்பின் அடிப்படையில் ஒருவர் தடுக்கப்படும் வரை அவருடைய இழிவு நீங்காது என்பது பெரியாரின் விடை. இறைவன் எல்லாருக்கும் பொதுவானவன் என்பதால் அவனைத் தொட்டு வழிபடும் உரிமையும் பொதுவானது என்பது அடிகளார் போன்றோரின் நிலை. முற்றிலும் வேறான இரு முன்கூற்றுகள் ஒரே முடிவில் வந்து சேர்ந்தன. அமெரிக்க அரசியல் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ், வெவ்வேறு கொள்கையினர் தத்தம் காரணங்களுக்காகவே ஒரே நீதிநெறியை ஏற்கும் இத்தகைய நிலையைப் பல்சமயச் சமூகத்தின் உறுதியான அடித்தளமாகக் கருதினார். தமிழ்நாடு அரசு 1970இல் கொண்டுவந்த சட்டம் பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கியது. 1972இல் உச்ச நீதிமன்றம் அந்நீக்கத்தை ஏற்றது, ஆனால் நியமனங்கள் ஆகமப்படியே அமைய வேண்டும் என்றது.

திருமணச் சட்டத்திலும் இத்தகைய ஏற்பாடு உருவானது. புரோகிதரும் சடங்கும் இன்றி நடந்த சுயமரியாதைத் திருமணத்தை 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்திருக்க, சி.என். அண்ணாதுரையின் அரசு 1967இல் கொண்டுவந்த திருத்தம் அத்தகைய திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு வழங்கியது. சடங்கோடு மணம்புரிவோரின் உரிமை அதனால் சற்றும் குறையவில்லை.

அதிகாரம் சேரும்போது

இவ்வளவும் சொன்ன பிறகு, பார்வை மட்டும் போதாது என்பதையும் கூற வேண்டும். குறை காணும் பார்வையோடு அரசின் அதிகாரம் சேர்ந்த இடங்களில் விளைவு கொடியதாக இருந்தது. சமயத்தை அறியாமையின் எச்சம் என்று கருதிய சோவியத் ஆட்சி வழிபாட்டிடங்களை மூடியது. மாஸ்கோவின் மீட்பர் கிறித்து பேராலயம் 1931இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அல்பேனியா 1967இல் சமய வழிபாட்டையே தடைசெய்தது. மறுபுறம், சமயத்தை விட்டு விலகுவதையோ இறைநிந்தனையையோ கடுங்குற்றமாக்கும் சட்டங்கள் இன்றும் பல நாடுகளில் உள்ளன. அரசு நடுநிலை வகிக்கும் நாட்டிலும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. மகாராஷ்டிரத்தில் மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத்தை நடத்திய நரேந்திர தாபோல்கர், தம் இயக்கம் பக்தியை எதிர்க்கவில்லை, பக்தியின் பெயரால் நடக்கும் சுரண்டலையே எதிர்க்கிறது என்று விளக்கிவந்தவர்; 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார்.

ஆகவே சட்டம் செய்யக்கூடியதும் செய்ய இயலாததும் பிரித்தறியப்பட வேண்டும். பிராட்லாவின் இருக்கையையும், பக்தரின் வழிபாட்டிடத்தையும், சடங்கில்லாத் திருமணத்தையும் சட்டம் காக்க முடியும். எதிர்த்தரப்பினரை அறிவுள்ளவராகக் கருதும்படி எவரையும் அது கட்டாயப்படுத்த முடியாது. அந்த மதிப்பு, மேலே கண்ட உறவுகளில், மூன்று வழிகளால் விளைந்தது: எதிரியின் வாதத்தை அவரே ஏற்கும்படி எடுத்துரைக்கும் பயிற்சி, தம் தரப்பின் குறையை எதிரி சுட்டும்போது அதை ஒப்புக்கொள்ளும் துணிவு, இருவரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை ஒன்று கண்முன் இருத்தல்.

இவற்றுள் மூன்றாவதே மற்ற இரண்டுக்கும் வழிதிறந்தது என்று கோராவின் வரலாறும் அடிகளாரின் வரலாறும் எண்ணத் தூண்டுகின்றன. கடவுள் உண்டா என்ற வாதம் அவர்கள் வாழ்நாளில் தீரவில்லை, இனியும் எளிதில் தீரப்போவதில்லை. தீண்டாமை ஒழிய வேண்டும் என்பதில் அவர்களுக்குள் வாதமே இருக்கவில்லை. அதற்காக உழைத்த இடத்தில்தான், எதிரில் நிற்பவர் அச்சத்தாலோ செருக்காலோ பேசவில்லை, எண்ணிப் பார்த்தே பேசுகிறார் என்பது இருவருக்கும் தெரியவந்தது. அதன்பின் தொடர்ந்த வாதம் முன்பிருந்ததைவிடக் கூர்மையாக இருந்திருக்கலாம். ஏனெனில் மதிக்கத்தக்கவர் என்று தெரிந்த எதிரியிடம்தான் ஒருவர் தம் வாதங்களுள் மிகச் சிறந்ததை எடுத்துவைக்கிறார்.